நீதிமன்றமும் எல்லைக்கல்லும் – 9: பரீத்கோட் ராஜாவின் டிக்ரி

பஞ்சாபில் சீக்கிய மன்னர்கள் ஆண்டுவந்த சிறு சமஸ்தானங்களுள் ஒன்றாகிய பரீத்கோட்டில், 1869 முதல் 1874 வரையில் ராஜா வஜீர் சிங்கின் பொக்கிஷதாராக உத்தியோகம் வகித்த சர்தார் குர்தயாள் சிங் என்பவர், ராஜா காலஞ்சென்ற அந்த 1874-ஆம் ஆண்டிலேயே பதவியை விட்டு நீங்கி, தாம் பிரஜையாயிருந்த ஜீந்த் சமஸ்தானத்துக்குத் திரும்பி, அங்கேயே குடியிருக்கலானார். சில ஆண்டுகள் சென்றன. பட்டத்துக்கு வந்திருந்த ராஜா விக்ரம் சிங், பழைய பொக்கிஷதார் தம் பொறுப்பிலிருந்த பணத்தைக் கையாடிவிட்டார் என்று சொல்லி, பரீத்கோட் சிவில் நீதிமன்றத்திலேயே அவர்மீது இரண்டு வழக்குகள் தொடுத்தார். குர்தயாள் சிங் ஆஜராகவில்லை. பிரதிவாதி வராத வழக்கில் நடப்பது நடந்தது; ராஜாவுக்கு அனுகூலமாக இரண்டு எக்ஸ்பார்ட்டி டிக்ரிகள் பிறந்தன.

டிக்ரி கைக்கு வந்துவிட்டால் வழக்கு முடிந்துவிட்டது என்று எண்ணுவோர் வழக்காடியறியாதவர்கள். பணத்தை வசூலிப்பதற்கு ஆள் அகப்படவேண்டும், அல்லது ஆளுடைய சொத்து அகப்படவேண்டும். பரீத்கோட்டின் அமீனா ஜீந்தின் எல்லைக்குள் கால் வைக்க முடியாது. ஆகவே ராஜா அந்த இரண்டு டிக்ரிகளையும் எடுத்துக்கொண்டு பிரிட்டிஷ் இந்தியாவின் நீதிமன்றத்துக்கு, லாகூருக்கு, வந்தார். பணம் கையாடப்பட்டதா இல்லையா என்பது அங்கே கேள்வியாக இருக்கவில்லை. பரீத்கோட் நீதிமன்றம் அதைத் தீர்த்துவிட்டது, அந்தத் தீர்ப்பை ஒரு கடன் பத்திரத்தைப் போல ஏற்றுக்கொண்டு தொகையை வசூலித்துக் கொடுங்கள் என்பதே பிராது. ஓர் அரசனுடைய நீதிபதி சொன்ன சொல்லுக்கு இன்னோர் அரசின் நீதிபதி ஏன் கட்டுப்படவேண்டும் என்னும் கேள்வி, ஹாலந்திலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பல தலைமுறைப் பண்டிதர்களைத் தூங்கவிடாமல் செய்த அந்தக் கேள்வி, இவ்வாறாக ஒரு பொக்கிஷதாரின் கணக்கைப் பற்றிக்கொண்டு நம் தேசத்துக்குள் பிரவேசித்தது.

அக்கேள்விக்குப் பழைய விடை ஒன்று இருந்ததைச் சென்ற இதழ்களில் விஸ்தாரமாகக் கண்டோம். பிரீஸ்லாந்தின் பிரானெக்கர் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் உல்ரிக் ஹூபர் பதினேழாம் நூற்றாண்டின் கடைசியில் வகுத்ததும், பின்னர் 1834-இல் அமெரிக்க நீதியரசர் ஜோசப் ஸ்டோரி தம் பெருநூலில் விரித்துரைத்ததுமாகிய அந்த விடை, அரசுகள் ஒன்றையொன்று மரியாதையோடு நடத்தவேண்டும், நம் தீர்ப்பை அவர்கள் மதிக்கவேண்டுமானால் அவர்கள் தீர்ப்பை நாம் மதிக்கவேண்டும் என்னும் பரஸ்பர உபசாரக் கொள்கையாகும். கேட்பதற்கு இனிய கொள்கைதான். ஆனால் உபசாரத்துக்கு அளவு ஏது? விருந்தாளி எதைக் கேட்டாலும் கொடுப்பதா? எந்த இடத்தில் இல்லையென்று சொல்வது? இந்த அளவுகோல் ஹூபரிடத்தும் இல்லை, ஸ்டோரியிடத்தும் தெளிவாக இல்லை. அதைக் கண்டுபிடிக்கும் வேலை, நூலாசிரியர்களைக் காட்டிலும், அன்றாடம் வழக்குக் கட்டுகளோடு போராடும் நீதிபதிகளின் தலையில் விழுந்தது.

இங்கிலாந்தில் 1808-ஆம் ஆண்டில் எல்லன்பரோ பிரபுவின் முன்னால் வந்த ஒரு வழக்கு இதற்கு நல்ல உதாரணம். மேற்கிந்தியத் தீவுகளுள் ஒன்றாகிய டொபேகோவில், பிரதிவாதி தீவில் இல்லாதபோது, சம்மனை நீதிமன்றத்தின் கதவில் ஆணியடித்து மாட்டிவிட்டால் அதுவே சார்வு செய்ததற்குச் சமானம் என்று ஒரு சட்டம் இருந்தது. பிரதிவாதி இங்கிலாந்தில் இருக்கிறார். சம்மன், பல்லாயிரம் மைல் கடலுக்கு அப்பால், கடற்காற்றில் படபடத்துக்கொண்டு ஒரு மரக்கதவில் தொங்குகிறது. அதைப் பார்த்தறியாத மனிதர்மேல் டிக்ரி ஆகிவிடுகிறது. அந்த டிக்ரியைக் கொண்டுவந்து லண்டனில் பணம் கேட்கிறார்கள். எல்லன்பரோ பிரபு, டொபேகோ என்னும் ஒரு தீவு உலகம் முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றிவிட முடியுமா, இயற்றினாலும் உலகம் அதற்குத் தலைவணங்குமா என்று கேட்டு, வாதியை வெறுங்கையோடு அனுப்பினார். அந்தக் கதவில் அடித்த ஆணி அன்றுமுதல் சட்ட நூல்களை விட்டு அகலவேயில்லை. காணாத மனிதனைக் கேளாமல் தண்டிப்பது அநீதி என்பது அவ்வழக்கில் கண்கூடாகத் தெரிந்தது. அதற்குப் பெரிய சித்தாந்தம் வேண்டியிருக்கவில்லை.

சித்தாந்தம் தேவைப்பட்டது 1870-இல். ஸ்வீடன் தேசத்தில் ஏற்றி ஸ்வீடன் தேசத்துக் கப்பலில் பிரான்சின் கான் நகருக்கு அனுப்பிய ஓட்ஸ் தானியச் சரக்கைக் குறித்து இரு வர்த்தகர்களுக்குள் தகராறு ஏற்பட்டது. வாங்கினவர் பிரான்சில் குடியிருந்த டென்மார்க் தேசத்தவர். பிரதிவாதிகள் லண்டனில் வியாபாரம் செய்த டென்மார்க் தேசத்தவர். பிரெஞ்சு நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுச் சட்டப்படி சம்மன் அரசாங்க வழக்கறிஞரிடம் கொடுக்கப்பட்டு, அங்கிருந்து பிரெஞ்சு ஸ்தானிகர் அலுவலகத்தின் வழியாக லண்டனில் பிரதிவாதிகளின் கைக்கே வந்து சேர்ந்தது. இங்கே ஆணியும் இல்லை, கதவும் இல்லை. வழக்கு நடப்பதைப் பிரதிவாதிகள் நன்றாக அறிந்திருந்தார்கள். அறிந்தும் போகவில்லை. தீர்ப்பு அவர்களுக்கு விரோதமாயிற்று. அதை இங்கிலாந்தில் நிறைவேற்றித்தரும்படி கேட்டபோது, நீதிபதி பிளாக்பர்ன் அந்தக் கேள்வியை அடிவேரிலிருந்து ஆராய்ந்தார்.

அவருடைய ஆராய்ச்சியில் என்னை மிகவும் கவர்வது, தம் நாட்டைத் தாமே கூண்டில் ஏற்றிய அந்த நேர்மைதான். பிரான்சு செய்தது தவறென்று சொல்லிவிடுவது எளிது; ஆனால் இங்கிலாந்தின் பார்லிமெண்டும் 1852-ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வெளிநாட்டிலிருக்கும் மனிதர்களுக்குச் சம்மன் அனுப்பும் அதிகாரத்தைத் தன் நீதிமன்றங்களுக்கு அளித்திருந்தது. பரஸ்பர உபசாரமே ஆதாரமானால், நாம் செய்வதையே அவர்களும் செய்திருக்க, அவர்கள் தீர்ப்பை மறுப்பதற்கு நமக்கு வாயேது என்று பிளாக்பர்ன் எண்ணினார். மறுக்கவேண்டுமானால் உபசாரம் என்னும் அஸ்திவாரத்தையே விட்டுவிடவேண்டும். விட்டுவிட்டார். அயல்நாட்டுத் தீர்ப்பை நாம் நிறைவேற்றுவது அந்நாட்டு அரசனுக்குக் காட்டும் மரியாதைக்காக அன்று. அந்தத் தீர்ப்புக்குக் கீழ்ப்படியவேண்டிய கடமை பிரதிவாதியின் தலையில் ஏற்றப்பட்டிருந்தால், அந்தக் கடமை அவனோடு எங்கும் கூடவரும் என்பதற்காகவே நிறைவேற்றுகிறோம். ஆகவே கேட்கவேண்டிய கேள்வி, பிரதிவாதிக்கு அந்தக் கடமை எப்படி உண்டாயிற்று என்பதே என்றார். அந்நாட்டுப் பிரஜையாயிருந்தால் உண்டாகும். வழக்குத் தொடுத்த காலத்தில் அங்கே வசித்தால் உண்டாகும். தானே சென்று ஆஜரானால் உண்டாகும். லண்டன் டேனியர்களுக்கு இவற்றுள் எதுவும் பொருந்தவில்லை. சம்மன் கைக்கு வந்தது என்பதனால் மட்டும் கடமை பிறந்துவிடாது. இவ்வளவும் சொல்லிவிட்டு, போகிற போக்கில், பின்னால் தொல்லை விளைத்த இன்னொரு கருத்தையும் அவர் வெளியிட்டார். ஒப்பந்தம் செய்த காலத்தில் பிரதிவாதிகள் பிரான்சில் இருந்து, வழக்குக்கு முன்னால் அதைவிட்டுப் போயிருந்தால், அப்போது அவர்கள் கட்டுப்பட்டவர்களே என்று கருதத் தோன்றும் என்பதுதான் அது.

லாகூரில் ராஜாவின் வக்கீல்களுக்கு இந்த ஒரு வாக்கியமே கைகொடுத்தது. பொக்கிஷதாரின் கடமை பிறந்த இடம் பரீத்கோட்; கையாடல் நிகழ்ந்ததாகச் சொல்லப்பட்ட இடமும் அதுவே; அப்போது அவர் அங்கேதான் உப்புத் தின்று உத்தியோகம் பார்த்தார்; அங்கிருந்து அகன்றுவிட்டதனால் அந்த நீதிமன்றத்தின் கையிலிருந்து தப்பிவிடுவாரா? பஞ்சாப் சீஃப் கோர்ட் இந்த வாதத்தை ஒப்புக்கொண்டு ராஜாவுக்கு அனுகூலமாகத் தீர்ப்பளித்தது. குர்தயாள் சிங் பிரிவி கவுன்சிலுக்கு அப்பீல் செய்தார்.

சக்கரவர்த்தினியின் ஆட்சிக்கு உட்பட்ட எல்லாத் தேசங்களின் இறுதி அப்பீல்களும் வந்து குவிந்த பிரிவி கவுன்சிலின் நீதிக் குழு, லண்டனில் டவுனிங் வீதியில் கூடியது. வெளித்தோற்றத்தில் அது நீதிமன்றமே அன்று. தீர்ப்பென்று ஒன்றைக் கூறாமல், மகுடத்துக்கு ஆலோசனை கூறும் குழுவாகவே சட்டம் அதைக் கருதியது. 1894-இல் இந்த வழக்கில் ஆலோசனை எழுதியவர் செல்போர்ன் பிரபு. இரண்டு முறை இங்கிலாந்தின் லார்ட் சான்ஸலராயிருந்து, 1873-ஆம் ஆண்டின் நீதிமன்றச் சீர்திருத்தத்துக்குத் தலைநின்று உழைத்தவர். அப்போது எண்பதைக் கடந்துவிட்ட கிழவர். மறு ஆண்டில் காலமாகிவிட்டார். நீண்ட ஆயுளில் சேர்த்துவைத்த கல்வியனைத்தையும் சில பக்கங்களில் பிழிந்து தந்ததுபோல் இருக்கிறது அந்தத் தீர்ப்பு.

வாதியும் ராஜா, நீதிமன்றமும் ராஜாவினுடையது என்பதைக் காரணமாகச் சொல்லித் தள்ளிவிடும் சுலபமான வழியை அவர் நாடவில்லை. பரீத்கோட் நீதிமன்றம் பாரபட்சமானது என்று ஒரு சொல்லும் சொல்லாமல், அதை உலகத்தின் எந்தச் சுதந்தர நாட்டு நீதிமன்றத்தோடும் சமமாக வைத்து, அந்தச் சமத்துவத்திலிருந்தே தம் முடிவை வருவித்தார். எந்த அரசின் நீதியதிகாரமும் அதன் பூமியோடு கட்டுண்டது. அந்தப் பூமியில் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ இருப்பவர் எல்லாரையும், இருக்கும் வரையில், அது பற்றும். அவர்கள் விட்டகன்று வேறொரு தேசத்தில் வசிக்கும்போது அது பின்தொடர்ந்து செல்லாது. நிலத்தைப் பற்றிய வழக்கு நிலம் கிடக்கும் இடத்தில் எப்போதும் செல்லும்; எல்லைக்குள் இருக்கும் அசையும் பொருளையும் பற்றும்; வாரிசுரிமை முதலியவற்றில் ஒருவன் நிலையான வாசஸ்தலம் கொண்ட இடத்துக்கு அதிகாரம் உண்டு. ஒரே மகுடத்தின் கீழ் உள்ள மாகாணங்களுக்குள் அந்த மகுடம் தன் சட்டத்தினால் அதிகாரத்தைப் பங்கிட்டுக் கொடுக்கலாம். ஆனால் தனக்குக் கீழ்ப்படியவேண்டிய எந்தப் பந்தமும் இல்லாத அந்நியன்மேல் ஓர் அரசு தானே சட்டமியற்றி அதிகாரத்தை உண்டாக்கிக்கொண்டால், அதை வேறெந்த நாட்டு நீதிமன்றமும் அங்கீகரிக்கவேண்டியதில்லை. இவை எதிலும் சேராத வழக்கில், தன்னை அந்த அதிகாரத்துக்கு எவ்விதத்திலும் ஒப்புக்கொடுக்காத ஒருவன் இல்லாதபோது சொல்லப்பட்ட தீர்ப்பு, பிறந்த நாட்டுக்கு வெளியே, வெறும் சூனியம். வாதியே பிரதிவாதியின் ஊரைத் தேடிப் போகவேண்டும் என்னும் ரோமாபுரியின் பழைய விதியே அவர் மூச்சாக இருந்தது.

பிளாக்பர்ன் போகிற போக்கில் சொன்னதை அவர் மிகுந்த மரியாதையோடு எடுத்து, மிகுந்த மரியாதையோடு விலக்கினார். ஓர் ஒப்பந்தத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் பொருள் கூறும் என்பது ஒரு கேள்வி. அந்த ஒப்பந்தம் முறிந்தால் எந்த நாட்டு நீதிமன்றம் விசாரிக்கும் என்பது முற்றிலும் வேறான கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால், ஒருவன் எந்த ஊரில் எந்தக் காலத்தில் ஒரு கடன் பட்டானோ அந்த ஊர் நீதிமன்றம் ஆயுள் முழுவதும் அவனைத் துரத்திக்கொண்டே வரும். பொக்கிஷதார் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர் என்பதில் சந்தேகம் இல்லை. அந்தக் கடமையை அவர் வசிக்கும் ஜீந்திலோ, அவர் அகப்படும் வேறிடத்திலோ வழக்காடிப் பெறலாமே. மொரீஷியஸ் தீவில் உத்தியோகம் வகித்த ஒருவர்மேல் அங்கே பிறந்த டிக்ரியை இங்கிலாந்து 1831-இல் ஏற்றுக்கொண்டிருந்தது உண்மை. அந்தத் தீர்ப்பையோ, பிரதிவாதி அப்போதும் அந்தத் தீவின் உத்தியோகத்திலேயே இருந்தார் என்று வைத்துக்கொண்டுதான் தாங்கமுடியும். குர்தயாள் சிங்கோ பதவியையும் விட்டார், பூமியையும் விட்டார். அப்பீல் ஜயித்தது.

இதே காலத்தில் கடலுக்கு அப்பால் அமெரிக்காவின் சுப்ரீம் கோர்ட்டும் ஏறக்குறைய இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தது. ஆரிகன் மாநிலத்தில் ஒரு வக்கீலின் கூலிப் பாக்கிக்காக, ஊரைவிட்டுப் போயிருந்த ஒருவர்மேல், பத்திரிகையில் அறிவிப்பு வெளியிட்டு எக்ஸ்பார்ட்டி தீர்ப்புப் பெற்று, அவருடைய நிலத்தை ஏலம் போட்டுவிட்டார்கள். 1878-இல் நீதிபதி பீல்டு, மாநிலத்தின் எல்லைக்குள் இல்லாத மனிதனைப் பத்திரிகை விளம்பரத்தால் கட்டிவிட முடியாதென்று அதைச் செல்லாததாக்கினார். அமெரிக்கர் அந்த நிலையில் நிற்கவில்லை. அவர்கள் கதை பின்னால் வரும்.

செல்போர்ன் பிரபுவின் விதி நியாயமானதா என்று கேட்டால், என் அபிப்பிராயத்தில் அதன் இருதயம் நியாயமானது. கடன்காரனுக்கு அது சலுகை காட்டுகிறது, எல்லையைத் தாண்டி ஓடினவனுக்குப் புகலிடம் தருகிறது என்று குறை கூறுவோர் உண்டு. அந்தக் குறையில் உண்மையும் உண்டு. ஆயினும் அந்த விதி கடனை அழிக்கவில்லை. வாதியை ஒரு பயணம் செய்யச் சொல்லுகிறது, அவ்வளவே. அதற்கு எதிர்ப்பக்கத்தில், ஒரு சமஸ்தானாதிபதியின் நீதிமன்றத்தில் தனக்கு விரோதமாக எழுதப்பட்டதை, தான் இருக்கும் ஊரின் அமீனா வந்து ஜப்தி செய்துகொண்டு போகும் நிலையில் நிற்கும் மனிதனை நினைத்துப் பார்க்கவேண்டும். அவன் சொல்லக்கூடிய சமாதானத்தைக் கேட்ட நீதிபதி அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை. அப்படி ஒருவனும் கேட்காமல் ஒரு மனிதனுடைய வீட்டுச் சாமான் தெருவில் வைக்கப்படக்கூடாது என்பதுதான் அந்த விதியின் உயிர்நாடி.

ஆனால் விதியைச் சொன்னவர்கள் அதைத் தங்களுக்குப் பொருத்திக்கொண்டார்களா என்ற கேள்வி வேறு. அந்த இடத்தில் எனக்குச் சமாதானம் இல்லை. பிளாக்பர்ன் கூச்சத்தோடு ஒப்புக்கொண்ட அதே முரண்பாடு இந்தியச் சட்டத்திலும் வேரூன்றிவிட்டது. 1908-ஆம் ஆண்டின் ஐந்தாவது சட்டமாகிய சிவில் நடைமுறைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, பிரதிவாதி வசிக்கும் இடத்தில் மட்டுமன்றி, வழக்குமூலம் முழுவதுமோ அதில் ஒரு பகுதியோ உண்டான இடத்திலும் வழக்குத் தொடரலாம் என்கிறது. சென்னை ஹைகோர்ட்டின் அதிகார சாசனத்தின் 12-ஆம் உறுப்பும், வழக்குமூலத்தில் ஒரு பகுதி பட்டணத்தின் எல்லைக்குள் உண்டாகியிருந்தால், அனுமதி பெற்று அங்கே வழக்காடலாம் என்கிறது. பிரதிவாதி அந்நிய தேசத்தில் இருந்தாலும் நம் நீதிமன்றம் அவனை அழைக்கும். வராவிட்டால் டிக்ரி கொடுக்கும். அந்த டிக்ரி நம் தேசத்தில் செல்லும். அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவோ, அந்நிய நாட்டு நீதிமன்றம் நம்மவனை அதேபோல் அழைத்து டிக்ரி கொடுத்தால், தகுந்த அதிகாரமுள்ள நீதிமன்றம் அன்று என்று தள்ளிவிடக் கதவைத் திறந்துவைக்கிறது. அந்தப் பிரிவு அதிகாரக் குறைவோடு நில்லாமல், வழக்கின் தாரதம்மியத்தை ஆராயாமல் கொடுத்த தீர்ப்பு, சர்வதேச சட்டத்தைப் பிழையாகக் கொண்ட தீர்ப்பு, இயற்கை நியாயத்துக்கு விரோதமான தீர்ப்பு, வஞ்சனையால் பெற்ற தீர்ப்பு, இந்தியச் சட்டத்தை மீறிய கோரிக்கையை ஆதாரமாகக் கொண்ட தீர்ப்பு ஆகியவற்றையும் விலக்குகிறது. விலக்குகள் ஒவ்வொன்றும் தனித்தனியே நியாயமானவை. நமக்கு எடுத்துக்கொள்ளும் அளவையும் பிறருக்குக் கொடுக்கும் அளவையும் ஒன்றாக்கவேண்டும் என்ற சிந்தனை மட்டும் சட்டமியற்றியவர்களுக்கு உண்டானதாகத் தெரியவில்லை.

தமிழ்நாட்டில் இந்த விதிகள் புத்தகப் பேச்சாக இருக்கவில்லை. திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் ஜில்லாக்களின் அருகே புதுக்கோட்டை சமஸ்தானம். சட்டத்தின் கண்ணுக்கு அதன் நீதிமன்றம் அந்நிய நீதிமன்றம். தென்னார்க்காட்டு ஜில்லாவோ புதுச்சேரியோடு கைகோத்துக் கிடந்தது. பிரெஞ்சுக் கிராமமும் இங்கிலீஷ் கிராமமும் ஒன்றுக்குள் ஒன்றாகப் புகுந்திருந்தமையால், மாட்டுவண்டியில் சற்றுத் தூரம் சென்றாலே பாரிசில் எழுதிய சட்டத்தின் கீழ் வந்துவிடலாம். இவற்றையெல்லாம்விடப் பெரிய அரங்கு கடலுக்கு அக்கரையில் இருந்தது. நகரத்தார் முதலாளி செட்டிநாட்டு வீட்டில் இருப்பார். அவருடைய விலாசத்தின் பேரில் ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ கிட்டங்கியில் மேலாள் பெட்டியடியில் அமர்ந்து கொடுக்கல் வாங்கல் நடத்துவார். முதலாளி எழுதிக்கொடுத்த பவர் பத்திரம் அவருடைய பெட்டியில் இருக்கும். இலங்கையின் ஜில்லா நீதிமன்றத்தில் அந்த விலாசத்தின்மேல் ஒரு டிக்ரி ஆகிவிட்டால், கொழும்பில் உள்ள சொத்து தீர்ந்தபின், மிச்சத்துக்குச் செட்டிநாட்டு வீட்டையும் நிலத்தையும் பிடிக்கலாமா? முதலாளி அந்தத் தீவில் கால்வைத்தவரே அல்லர் என்றால்? மேலாளுக்குக் கொடுத்த பவர் பத்திரமே, அவ்வூர் நீதிமன்றத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்ததாகுமா? கடல் கடந்து கொடுக்கல் வாங்கல் நடத்திய எந்தக் குடும்பமும் இக்கேள்விகளைத் தனக்கு அந்நியமென்று தள்ளிவிட முடியாது.

மேற்கு ஆஸ்திரேலியாவின் தங்கச் சுரங்கக் கூட்டாளி ஒருவர் இங்கிலாந்துக்குத் திரும்பிவிட்டபின் அவர்மேல் அங்கே ஆன தீர்ப்பை ஏற்க மறுத்த வழக்கில், 1908-இல், நீதிபதி பக்லி அந்நியத் தீர்ப்பு கட்டுப்படுத்தும் சந்தர்ப்பங்கள் ஐந்தென்று கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். அந்நாட்டுப் பிரஜையாயிருத்தல், வழக்குத் தொடங்கியபோது அங்கே வசித்தல், தானே அங்கே வாதியாகி அந்த நீதிமன்றத்தைத் தேர்ந்தெடுத்திருத்தல், தன் விருப்பத்தால் ஆஜராதல், அந்த நீதிமன்றத்துக்குக் கட்டுப்படுவதாக ஒப்பந்தம் செய்திருத்தல் என்பன அவை. சென்னை ஹைகோர்ட் ராமநாதன் செட்டியார் எதிர் காளிமுத்துப் பிள்ளை என்ற வழக்கில், 1914-ஆம் ஆண்டுத் தொகுதியில் வெளியான தீர்ப்பில், அந்த ஐந்தையும் ஏறக்குறைய அப்படியே நமக்கு விதியாக்கியது. அந்நிய மண்ணில் ஆள் வைத்து வியாபாரம் நடத்துதல் என்பது அந்த ஐந்தில் ஒன்றாக இடம்பெறவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். லேவாதேவியில் கடல் கடந்து பணம் குவித்த ஒரு சமூகத்துக்கு அந்த மௌனத்தின் பெறுமதி கொஞ்சமன்று.

இரண்டாண்டு கழித்து, 1916-இல், பிரிவி கவுன்சிலுக்கு முன் வந்தது கீமர் எதிர் விசுவநாத ரெட்டி வழக்கு. இம்முறை வந்த டிக்ரி சமஸ்தானத்து டிக்ரி அன்று. லண்டனில் கிங்ஸ் பெஞ்ச் கொடுத்த தீர்ப்பு. சென்னைக் கூட்டாளி ஒருவர் தாம் கூட்டாளியே அல்லரென்றும் பணம் பாக்கியில்லையென்றும் அங்கே எதிர்வழக்காடியிருந்தார். எழுத்து மூலமாகக் கேட்ட கேள்விகளுக்கு அவர் விடையளிக்கத் தவறியமையால், லண்டன் நீதிமன்றம் அவருடைய எதிர்வழக்கை அடித்துவிட்டு, வாதிக்குத் தீர்ப்பளித்துவிட்டது. அந்தத் தீர்ப்பை ஆதாரமாகக் கொண்டு சென்னையில் வழக்கு நடந்து, கடைசியில் லண்டனுக்கே அப்பீல் போயிற்று. லண்டன் நீதிமன்றமும் இந்தியச் சட்டத்தின் கண்ணில் அந்நிய நீதிமன்றமே. அதன் தீர்ப்பும் 13-ஆம் பிரிவின் சல்லடையில் விழவேண்டியதே. எதிர்வழக்கை விசாரியாமல் அடித்துவிட்டுக் கொடுத்த தீர்ப்பு, வழக்கின் தாரதம்மியத்தை ஆராய்ந்த தீர்ப்பாகாது. ஆகவே சென்னை அதற்குக் கட்டுப்படவேண்டியதில்லை என்று பக்மாஸ்டர் பிரபு உரைத்தார். ஆளும் தேசத்தின் தலைநகர நீதிமன்றத்தை, ஆளப்படும் தேசத்தின் சட்டம், பரீத்கோட்டை நிறுத்திய அதே வரிசையில் நிறுத்தியது. அதை அங்கீகரித்தவர்கள் லண்டனில் அமர்ந்திருந்த பிரபுக்களே. சாம்ராஜ்யத்தின் நீதித்துறையைப் பற்றிச் சொல்லக்கூடிய குறைகள் எத்தனையோ உண்டு. இந்த ஒரு தீர்ப்பை மட்டும் நான் நன்றியோடு படிப்பது வழக்கம்.

பின்னர் இங்கிலாந்து 1933-இல் பரஸ்பர ஏற்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்ற, அதற்கு இணையாக 1937-ஆம் ஆண்டின் எட்டாவது சட்டத்தினால் நம் நடைமுறைச் சட்டத்தில் 44-ஏ பிரிவு நுழைந்தது. பரஸ்பர நாடென்று அறிவிக்கப்பட்ட தேசத்தின் மேல்நிலை நீதிமன்றம் கொடுத்த பண டிக்ரியைப் புதிதாக வழக்குத் தொடுக்காமலே ஜில்லா நீதிமன்றத்தில் தாக்கல் செய்து நிறைவேற்றிக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். அங்கேயும் 13-ஆம் பிரிவின் விலக்குகள் காவல் நின்றன. பிளாக்பர்ன் கழற்றியெறிந்த பரஸ்பர உபசாரம் இவ்வாறு சட்டசபையின் வாசல் வழியாகத் திரும்பிவந்ததைச் சட்ட சரித்திரக்காரர் நின்று பார்க்கவேண்டும்.

சமஸ்தானங்கள் மறைந்தபோது செல்போர்ன் பிரபுவின் விதிக்கு அதுவரை வராத சோதனை வந்தது. புதுக்கோட்டை 1948 மார்ச்சில் சென்னை மாகாணத்தோடு சேர்ந்தது. ஒன்றன்பின் ஒன்றாக எல்லாம் சேர்ந்தன. 1950-இல் அரசியல் சாசனம் வந்தது. 1951-இல் சிவில் நடைமுறைச் சட்டம் பெரும்பாலான பழைய சமஸ்தானப் பகுதிகளுக்கும் விரிந்தது. நேற்று அந்நிய நீதிமன்றமாயிருந்தது இன்று இந்திய நீதிமன்றம். அப்படியானால் நேற்றுச் சூனியமாயிருந்த டிக்ரிக்கு இன்று உயிர் வந்துவிட்டதா? குவாலியர் நீதிமன்றம் 1948 நவம்பரில், ஐக்கிய மாகாணத்தில் வசித்த பிரதிவாதிகள் ஆஜராகாத ஒரு வழக்கில் டிக்ரி கொடுத்திருந்தது. 1951-இல் அது அலகாபாத்துக்கு நிறைவேற்றத்துக்காக அனுப்பப்பட்டது. எல்லைக்கல் பெயர்க்கப்பட்டுவிட்டது; இரண்டு ஊரும் ஒரே குடியரசு; இனி என்ன தடை என்று டிக்ரிதாரரான சர்தார் மாலோஜி நரசிங்க ராவ் ஷிடோலே தரப்பில் வாதாடினார்கள்.

நம் சுப்ரீம் கோர்ட் 1962-இல் அவருடைய அப்பீலைத் தள்ளியது. ஒரு டிக்ரியின் தகுதி அது பிறந்த நாளில் நிர்ணயமாகிறது. பிறந்த அன்று அந்தப் பிரதிவாதிகளைப் பொறுத்தமட்டில் அதிகாரமின்றிச் சொல்லப்பட்டது, பின்னால் பூகோளப் படம் மாறியதனால் அதிகாரமுள்ளதாகிவிடாது என்பது தீர்ப்பின் போக்கு. செல்போர்ன் பிரபு 1894-இல் பரீத்கோட்டைக் குறித்துச் சொன்னவையே அதற்கு முக்கிய ஆதாரம். இங்கேயும் என் மனம் தீர்ப்பின் பக்கமே நிற்கிறது. சம்மனைக் கண்டு, குவாலியர் நீதிமன்றம் தம்மைக் கட்டாது என்று அன்றைய சட்டத்தை நம்பி வீட்டில் இருந்துவிட்டவர்களை, அந்த நம்பிக்கைக்காகவே பின்னால் வந்த ஒரு சட்டம் தண்டிப்பது முறையாகாது. டிக்ரிதாரருக்கு நேர்ந்த நஷ்டமும் மெய்யானதே. வழக்காடிப் பெற்ற டிக்ரி, எதிரிகள் வசித்த நாட்டில் காகிதமாயிற்று. அவர் முதலிலேயே ஐக்கிய மாகாணத்து நீதிமன்றத்தின் படியேறியிருக்கலாம்.

பிரெஞ்சிந்தியாவின் டிக்ரிகளுக்கு நேர்ந்தது இதனினும் சிக்கலானது. புதுச்சேரியும் காரைக்காலும் 1954 நவம்பர் 1-ஆம் தேதி நடைமுறையில் இந்தியாவின் கைக்கு வந்தன; சட்டப்படி ஒப்படைக்கப்பட்டதோ 1962 ஆகஸ்டு 16-ஆம் தேதிதான். இவ்விரண்டு தேதிகளுக்கும் இடையே அங்கிருந்த நீதிமன்றம் எந்த அரசின் நீதிமன்றம், அதன் தீர்ப்பு கடலூரில் எந்தப் பெயரால் நுழைந்தது என்பனவற்றை அடுத்த இதழில் ஆராய்வோம்.